முன்னாலும் ஆறு, பின்னாலும் ஆறு

மே 5, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் நடப்பதில்லை. நடந்தாலும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பவள் நான். இருந்தாலும் எழுதுகிறேன். அலுவலகத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிடுகிறார். இங்கே யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். ஆற்றங்கரை அனுமதி உதவி அலுவலர், மார்னி கோசியோல். மேசையில் பெயர்ப்பலகைகூட வைத்துவிட்டார்கள். பிட்டர்ன் ஆறு சட்டத்தால் பாதுகாக்கப்படும் ஆறு. அதன் கரையில் நாய்க்கூண்டு வைப்பதென்றாலும் எங்களிடம் வந்தாக வேண்டும். கரையிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளித்தான் கட்டலாம். கரையோர மரங்களைத் தொடக்கூடாது. "படகுல போறவன் தலையைத் திருப்புனா மரம்தான் தெரியணும், மாடிப்படி தெரியக்கூடாது. மொத்தச் சட்டமும் இவ்வளவுதான். மிச்ச அறுபது பக்கம் வக்கீலுங்களுக்கு," என்று என் மேலதிகாரி வெர்ன் டைக்ஹவுஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஊருக்கு இந்தச் சட்டம் பிடிக்காது. அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவர் குளிர்காலத்தில் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். கோடையில் அதே சாலைகளில் சரளை நிரவுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான். நான்கு வருடம் நிலவரைபடம் படித்துவிட்டு இந்த மேசையில் வந்து உட்கார்ந்தது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. இன்று காலை காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மேடம், கொல்லையில ஒரு நாற்காலி போட்டு உக்காரலாம்னு இருக்கேன். விண்ணப்பம் எத்தனை பிரதி?"

எங்கள் வீடு ஆற்றிலிருந்து ஏழு மைல். மூன்று பிரதி என்றேன்.

மே 8, வியாழன்

தொலைபேசியில் மூன்று பேரோடு பேசினேன். ஒருவரிடம் மட்டும் குரல் நடுங்கியது.

மே 14, புதன்

இன்று ஒரு நல்ல நாள். மிஸஸ் ஸ்டாக் வந்தார். லோரீன் ஸ்டாக், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருடம் அவருடைய பேருந்தில் முதல் இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது "உக்காரு" என்று திட்டு வாங்கியவர்கள்தான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிச் சத்தத்துக்கு நடுவே, சக்கரம் வைத்த ஒரு நகரும் வீட்டில் இருபது வருடமாக இருக்கிறார். அடுத்த ஜூனில் ஓய்வு. கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஆற்றங்கரையில் ஒரு மனை வாங்கிவிட்டார். இரண்டு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், ஆற்றைப் பார்த்தபடி ஒரு வீடு. பேருந்துத் தடத் தாளின் பின்பக்கம் பென்சிலில் வரைந்து கொண்டுவந்திருந்தார். கரையிலிருந்து நூறு அடியில் போட்டிருந்தார்.

வெர்ன் பல் வைத்தியரிடம் போயிருந்தார். நானே அலமாரியிலிருந்து வரைபடத் தாள் பதினான்கை எடுத்து விரித்து, அளவுகோல் வைத்துப் பார்த்து, பதில் சொன்னேன். யாரையும் கேட்காமல் நான் சொன்ன முதல் பதில். "அம்பது அடி பின்னால தள்ளுங்க மிஸஸ் ஸ்டாக். சரியாயிடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பன்னெண்டு வருஷம் என் பஸ்ல வந்தே. இவ்வளவு நீளமா நீ பேசி நான் கேட்டதே இல்ல கண்ணு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

மே 27, செவ்வாய்

மிஸஸ் ஸ்டாக் தொலைபேசியில் அழைத்தார். கிணறு தோண்டுகிறவருக்கு எதிர்பாராமல் இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததாம். விட்டால் இனி அக்டோபரில்தான் வருவார். அதனால் வீட்டு அனுமதிக்குக் காத்திராமல் கிணற்றைப் போட்டாயிற்று. தொண்ணூற்றிரண்டு அடியில் தண்ணீர். கொஞ்சம் இரும்பு வாசனை, ஆனால் பல் கூசும் குளிர்ச்சி. "நீதான் அம்பது அடின்னு சொல்லிட்டியே, அப்புறம் என்ன," என்றார்.

முறைப்படி காத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

ஜூன் 3, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மிஸஸ் ஸ்டாக்கின் மனைக்கு அளவு எடுக்கப் போனேன். வீட்டின் நான்கு மூலைக்கும் குச்சி அடித்து ஆரஞ்சு நாடா கட்டியிருந்தார், வெகு நேர்த்தியாக. முன்கரையில் டேப்பின் நுனியை ஆணியில் மாட்டினேன். அப்போது சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் துடுப்புப் படகில் போனார். கையசைத்தார். நானும் அசைத்தேன். டேப்பை இழுத்துக்கொண்டு போய் முன்மூலைக் குச்சியில் வைத்தால் நூற்றைம்பது அடி, ஓர் அங்குலம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது. படம் எடுத்தேன், குறித்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன். கொசுவை அடித்தேன். இருபது நிமிடம் இருக்கும்.

பின்னால் துடுப்புச் சத்தம்.

திரும்பினேன். மரங்களுக்கு நடுவே அதே சிவப்புத் தொப்பி, இப்போது கையில் பாதி சாண்ட்விச். "மறுபடியும் நீங்களா," என்றார்.

ஆறு வளைந்து பின்பக்கமாக வருகிறது. அந்த மனை இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்கரைக்கு டேப் பிடித்தேன். அதே குச்சியிலிருந்து அறுபது அடி. குறுக்கே மொத்தமே இருநூற்றுப் பத்து அடி. முன்னால் நூற்றைம்பது, பின்னால் நூற்றைம்பது வேண்டுமென்றால் முந்நூறு அடி வேண்டும். அந்த மனையில் ஒரு நாற்காலி வைக்கக்கூட இடமில்லை. முன்னாலிருந்து தள்ளத் தள்ளப் பின்னால் ஆற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது வீடு.

தாள் பதினான்கோட விளிம்புல மனை முடியுது. ஆறு திரும்பி வர்றது தாள் பதினஞ்சுல. அடுத்த தாள். ஒரே ஒரு தாள். புரட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலு வருஷம் வரைபடம் படிச்சவ. என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

ஜூன் 4, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டாக் மனை எப்படி என்று வெர்ன் கேட்டார். "அழகா இருக்கு," என்றேன். பொய் இல்லை.

ஜூன் 5, வியாழன்

வெர்னிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தாள்களையும் அவர் மேசையில் ஒட்டி வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், பின் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு மீன்பிடி முகாமின் கழிப்பறைக்கு அனுமதி கொடுத்தாராம். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்ததாம், கதவு எங்கள் மாவட்டத்தில், இருக்கை பக்கத்து மாவட்டத்தில்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்று என் வாய் சொன்னது. என்னைக் கேட்காமலே.

ஜூன் 6, வெள்ளி

பள்ளிக்குக் கடைசி நாள். பேருந்து நிறுத்தும் இடத்துக்குப் போனேன். மிஸஸ் ஸ்டாக் இருக்கைகளுக்கு அடியிலிருந்து ஒட்டிய சூயிங் கம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுவதும் சொன்னேன், தாள் எண் உட்பட.

பேருந்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் தீவு வாங்கியிருக்கேன்."

"கிட்டத்தட்ட."

"கிணறு இருக்கு. வீடு கிடையாது."

தலையை ஆட்டினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு உன்மேல கோபம், மார்னி. நாளைக்கும் இருக்கும். ஞாயித்துக்கிழமையும் இருக்கும்னு நினைக்கிறேன். திங்கக்கிழமை வர்றேன், என்ன பண்ணணும்னு சொல்லு."

ஜூன் 9, திங்கள்

வந்தார். கோபம் முக்கால்வாசி போயிருந்தது.

வழி ஒன்றுதான். மேல்முறையீட்டுக் குழு. ஐந்து பேர். ஒரு மனையில் சட்டப்படி கட்ட இடமே இல்லை என்றால் அவர்கள் விலக்கு கொடுக்கலாம். ஆனால் இரண்டு சங்கதி. படகிலிருந்து வீடு கண்ணில் படக்கூடாது. மனுதாரர் தானாக இழுத்துவைத்துக்கொண்ட சிரமமாக இருக்கக்கூடாது. அனுமதிக்கு முன்னால் கிணறு போட்டது அப்படித்தான் தெரியும். யார் சொல்லிப் போட்டார் என்பது சபையில் சொல்லப்பட்டால் ஒழிய.

யார் சொல்வது என்று மிஸஸ் ஸ்டாக் கேட்கவில்லை. வெர்னும் கேட்கவில்லை. இருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

ஜூன் 20, வெள்ளி

அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். குழுவினர் மனையை ஆற்றிலிருந்து பார்க்க வேண்டும். ஐவரில் மூவர் ஓரிடத்தில் கூடினாலே அது பொதுக்கூட்டம். பொதுக்கூட்டம் என்றால் ஊரார் யார் வேண்டுமானாலும் வரலாம். வரலாம் என்று பதினைந்து நாளுக்கு முன் எழுதி ஒட்டியாக வேண்டும். ஆகவே:

"பொதுக்கூட்டம். இடம்: பிட்டர்ன் ஆறு, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை. ஜூலை 12, காலை பத்து மணி. படகும் லைஃப் ஜாக்கெட்டும் அவரவர் கொண்டுவரவும்."

அப்பா இதைத் தபால் நிலையச் சுவரில் பார்த்துவிட்டு வந்தார். வீட்டின் கூரை எவ்வளவு உயரம் வரும் என்று காட்ட யாராவது மனையில் கம்பத்தில் துணி கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத் தான் வருவதாகச் சொன்னார். அரசாங்கத்துக்கு உதவி செய்வதற்கில்லையாம்; லோரீனுக்காகவாம். நீங்கள் என் அப்பா என்பதைக் குறிப்பில் எழுதியாக வேண்டும் என்றேன்.

"எழுதிக்கோ. உன்னைப் பெத்தது உங்கம்மான்னும் எழுதிக்கோ. எனக்கு எதுக்கு வம்பு."

ஜூலை 11, வெள்ளி

நாளை.

சொல்ல வேண்டியது ஐந்து வாக்கியம். கண்ணாடி முன் பதினோரு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. கண்ணாடியில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள், அதனால்.

ஜூலை 12, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது? முப்பத்தொரு படகு. ரப்பர் டியூபில் ஆறு பேர். ஒரு நாய். பாதிப் பேர் மிஸஸ் ஸ்டாக்கின் பழைய பயணிகள். மீதிப் பேருக்கு வெயில் நாளில் வேறு வேலை இல்லை. குழுத் தலைவர் எட்னா ரூஸ். தூண்டில் புழுக் கடை வைத்திருக்கிறார், குரல் இரண்டு திருப்பத்துக்கு அப்பாலும் கேட்கும். மேல்பாலத்தடியில் துடுப்பால் படகைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். குறிப்பெழுதுகிறவர் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். குழுவினர் படகில் போகும்போது தங்களுக்குள் பேசக்கூடாது. பேச வேண்டுமென்றால் எல்லாப் படகும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஊரார் காதில் விழ வேண்டும் என்பதற்காக. எனக்கு எட்னாவின் படகில் முன் இருக்கை. துடுப்பு பிடிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தேன்.

முன்கரை வந்தது. ஐவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். ஊசியிலை மரங்கள், தேவதாரு, நிழல். ஆரஞ்சுத் துணி தெரியவில்லை. அப்பா தெரியவில்லை. கடிக்கும் ஈயை அவர் திட்டும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "சத்தத்துக்குச் சட்டத்துல இடமில்ல," என்று எட்னா பொதுவில் அறிவித்தார்.

வளைவைச் சுற்ற இருபது நிமிடம். அதற்குள் அப்பா கம்பத்தோடு வீட்டின் பின்மூலைக் குச்சிக்கு நடந்து வந்து நின்றுகொண்டிருந்தார். பின்கரையில் எப்போதோ காற்றில் மரங்கள் சாய்ந்து ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி நிறைய ஆரஞ்சு. பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்த மாதிரி. டியூபில் இருந்தவர்களே "ஐயோ" என்றார்கள்.

படகுகள் பிடித்துக்கொண்டு நின்றன. குழுவில் ஒருவர், மரக்கடைக்காரர், சொன்னார்: "தெரியுது. அது ஒரு பக்கம். அனுமதி வர்றதுக்கு முன்னாடியே கிணறு வேற போட்டாச்சு. அந்தம்மா தானா இழுத்துவிட்டுக்கிட்டது இது. நாம என்ன பண்ண முடியும்?"

மிஸஸ் ஸ்டாக் மூன்றாவது படகில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கையைத் தூக்கினேன். "பேசு," என்றார் எட்னா.

சபையில் எழுந்து நின்று பேச வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுந்து நின்றேன்.

இந்த மாவட்டத்தில் நடக்கக் கற்ற குழந்தைக்குக்கூடத் தெரியும், படகில் எழுந்து நிற்கக்கூடாது என்று. ஆனால் ஆறு எங்களுக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. ஆறு கோடைக்கு டெட்ராய்ட்டிலிருந்து வருகிறவர்களுக்கு. எங்களுக்குப் பனியும் சரளையும். படகு கவிழ்ந்து, நானும் எட்னாவும் மதிய உணவும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனோம்.

தண்ணீர் இடுப்பளவுதான். எழுந்தபோது காதில் மணல், கண்ணாடி மூக்கு நுனியில், எதிரே முப்பது படகு. ஒரு விசித்திரம்: பயம் இல்லை. இதற்கு மேல் வெட்கப்பட என்னிடம் எதுவும் மீதமில்லை.

"மிஸஸ் ஸ்டாக் எங்க ஆபீஸுக்கு வந்து கேட்டாங்க," என்றேன். என் குரல்தான், ஆனால் அக்கரை மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. "அம்பது அடி தள்ளுனா சரியாயிடும்னு சொன்னது நான். ஆறு திரும்பி வர்ற தாளை நான் புரட்டிப் பாக்கல. அவங்க கிணறு போட்டது என் வார்த்தைய நம்பி. தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல."

எட்னா என் பக்கத்தில் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே குறிப்பெழுதுகிறவரைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோங்க. உதவி அலுவலர் ஆத்துல நின்னு சொன்னாங்க. தலைவரும் ஆத்துலதான் இருந்தாங்க."

அப்புறம்தான் சிரிப்பு. மரக்கடைக்காரர்தான் முதலில்.

அங்கேயே நின்று பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மர இடைவெளி அகலம் முப்பது அடிக்கு மேல் இல்லை. வீடு தன் நீளப் பக்கத்தைக் காட்டாமல் குறுகிய பக்கத்தைக் காட்டி நின்றால்? கூரையை நான்கு அடி இறக்கினால்? கேட்டேன், சத்தமாக. கேட்ட மாத்திரத்தில் ஊரே அப்பாவை ஓட்ட ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் போ ஸ்டான், இன்னும் போ, கீழே இறக்கு, ஐயோ அவ்வளவு இல்லை. அப்பா கம்பத்தோடு புதருக்குள் அங்குமிங்கும் போனார். "முப்பது வருஷமா இந்த மாவட்டம் என்னை இப்படித்தான் ஓட்டுது," என்று ஒருமுறை கேட்டது. பிறகு துணியின் ஒரு நுனி மட்டும். பிறகு அதுவும் இல்லை.

"இப்ப எங்க இருக்கே?" என்று எட்னா கத்தினார்.

"இங்கதான்." மரம்தான் பேசியது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா வண்டியின் ஹீட்டரைக் கூட்டி வைத்தார், ஜூலை மாதத்தில். பாதி வழி வந்த பிறகு சொன்னார்: "சத்தமாத்தான் பேசுற. உங்கம்மா மாதிரி."

ஜூலை 15, செவ்வாய்

குழுவில் நான்கு வாக்கு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. விலக்கு கிடைத்துவிட்டது.

நிபந்தனைகள்: கிணறு இருந்த இடத்திலேயே இருக்கலாம். கூரை பன்னிரண்டு அடிக்கு மேல் கூடாது. பின்கரை இடைவெளியில் பதினான்கு தேவதாரு நட வேண்டும். வீட்டின் நிறம் மரப்பட்டை நிறமாக இருக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு கூடாது. கடைசி நிபந்தனையை வாசித்தபோது வெர்ன் மிஸஸ் ஸ்டாக்கைத் தயக்கமாகப் பார்த்தார்.

"இருபத்தொம்பது வருஷம் மஞ்சள் பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கேன்," என்றார் அவர். "நீங்க சொல்லலைன்னாலும் அடிச்சிருக்க மாட்டேன்."

எதிர்த்து வாக்களித்த ஒருவர் மரக்கடைக்காரர் இல்லை. அவர் தேவதாருக் கன்றுகளைப் பாதி விலைக்குத் தருகிறாராம்.

ஜூலை 16, புதன்

தாள் பதினான்கையும் பதினைந்தையும் ஒட்டிவிட்டேன். இனி மடிக்காமல் அலமாரிக்குள் அடங்காது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அடித்தளம் பார்க்கப் போனேன். நான்கு மூலையும் அளந்தேன், இரண்டு கரைக்கும். சரியாக இருந்தது. மறுபடி அளந்தேன். மிஸஸ் ஸ்டாக் தேவதாருக் கன்றுகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் தன் பேருந்தில் வம்பு செய்த ஒரு பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறாராம். என் பெயரில் மரம் இல்லை. நான் வம்பு செய்ததில்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ செஞ்சதில்ல," என்று திருத்தினார்.

செப்டம்பர் 10, புதன்

மிஸஸ் ஸ்டாக் தாழ்வாரத் தூண்களின் படத்தைக் கொடுக்க வந்தார். சனிக்கிழமை சுவர் தூக்குகிறார்கள். தரையில் படுக்கவைத்து அடித்த சட்டங்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்துவது. கைகள் நிறைய வேண்டும். பேருந்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள். அப்பா வருகிறார். யாரோ பெரிய பானையில் பீன்ஸ் கொண்டுவருகிறார்கள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "உன்னைக் கூப்பிட முடியாது. எனக்குத் தெரியும். சோதிக்க வர்றவங்க ஒரு ஆணியக்கூடத் தொடக்கூடாதுன்னு வெர்ன் சொன்னார். சட்டம்னா சட்டம்தான்." சிரித்தபடிதான் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஊரில் ஒரு வேலைக்கு எல்லோரும் போகும்போது நான் எங்கே இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஓரமாக. கையில் அட்டையோடு, எழுதிக்கொண்டு. மற்ற நாளாக இருந்தால் அது எனக்குப் பிடித்த இடம்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் வெர்ன் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸ்டாக் கோப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசை முன்னால் நின்றேன். என்ன, இன்னொரு தாளா என்று கேட்டார். இல்லை என்றேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை, இப்போது ஒன்று கேட்க வேண்டும் என்றேன். அவர் கோட்டின் ஒரு கையை மட்டும் கழற்றிய நிலையில் அப்படியே உட்கார்ந்தார். கேட்டேன்.

"ஸ்டாக் வீட்டுக் கடைசிச் சோதனைக்கு நீங்க போங்க வெர்ன். கோப்புல என் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதிக்குங்க. சனிக்கிழமை அங்க சுவர் தூக்குறாங்க. நானும் ஒரு பக்கம் பிடிக்கணும்."